பெரிய எம்.சி.பி. போட்டால் போதுமா?

மின்சாரம் இல்லாத ஒரு நாளை இன்று நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை. விடியற்காலையில் மோட்டார் போடுவதிலிருந்து இரவில் மின்விசிறிக்குக் கீழே படுப்பது வரை எல்லாவற்றிற்கும் அதுவே துணை. ஆனால் அந்த மின்சாரம் சுவருக்குள்ளே எவ்வளவு தடிமனுள்ள கம்பியில் ஓடி வருகிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? இந்த ஆண்டின் தொடக்கத்தில் எங்களுக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டவியல் பாடம் முடிந்த மறுநாள் இயற்பியல் சிஸ்டர் எங்களில் நால்வரை எழுப்பி, "ஓம் விதியை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டு மெயின் போர்டைப் போய்ப் பாருங்கள். திறக்கக் கூடாது, தொடக் கூடாது. மேலே எழுதியிருப்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அப்படித் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

எங்களில் ஒருத்தி கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே குடியிருப்பவள். ஒருத்திக்குக் கவரப்பேட்டை, ஒருத்திக்குப் பொன்னேரி. நான்காமவள் விடுதி மாணவி. அவளுடைய வீடு திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் விடுமுறைக்குப் போய்த் திரும்பியதும் நான்கு குறிப்புகளையும் மேசையில் பரப்பினோம். மூன்று வீடுகளில் சி6, சி10, சி16, சி20 என்று பலவகை எண்கள் இருந்தன. நான்காவது இடத்தில் மட்டும் எல்லாமே சி32. அது குடியிருக்கும் வீடு அன்று. ஆலைத் தொழிலாளர்க்கு வாடகைக்கு விடும் ஆறு அறைகள் கொண்ட வரிசை வீடு. கூரை சிமெண்ட் ஷீட். அதன் சொந்தக்காரர் எங்களில் ஒருத்தியின் அப்பா. அவள் யார் என்று எழுதப் போவதில்லை. நால்வரும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

அந்த 32 ஏன் எங்களை உறுத்தியது என்று சொல்வதற்கு முன், எம்.சி.பி. என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர் என்ற பெயரின் சுருக்கமே எம்.சி.பி. 1920களில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸ் என்பவரின் தொழிலகத்தில் இது உருவாயிற்று. கட்டைவிரல் நீளமுள்ள அந்தச் சிறு பெட்டிக்குள் இரண்டு காவற்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நிதானமானவர், மற்றவர் பெரும் அவசரக்காரர். நிதானக்காரர் ஓர் ஈருலோகப் பட்டை. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் தானே அணைகிறதே, அதே வகைப் பட்டைதான். அளவுக்கு மேல் மின்னோட்டம் சென்றால் அது மெல்லச் சூடாகி வளைந்து, வளைவு போதுமானதும் கொக்கியைத் தட்டி விடும். அவசரக்காரர் ஒரு கம்பிச்சுருள். பேஸும் நியூட்ரலும் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது பாயும் பெரிய மின்னோட்டத்தில் அது மின்காந்தமாகி, கண் இமைப்பதற்குள் கொக்கியை இழுத்துவிடும். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து இந்த அவசரக்காரரின் குணத்தைச் சொல்கிறது. 'பி' என்றால் எழுதிய எண்ணைப் போல் 3 முதல் 5 மடங்கிற்குள்ளும், 'சி' என்றால் 5 முதல் 10 மடங்கிற்குள்ளும் உடனே விழும். மோட்டார்கள் கிளம்பும்போது ஒரு நொடி அதிக மின்னோட்டம் இழுக்கும். அதற்கெல்லாம் விழாமலிருக்கத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் 'சி' வகையைக் காண்கிறோம்.

எம்.சி.பி. வருவதற்கு முன் பீங்கான் பியூஸ் கட்டைதான். பொன்னேரிக்காரியின் ஆயா வீட்டில் இன்றும் ஒன்று சுவரில் இருக்கிறது, இணைப்புத்தான் இல்லை. பியூஸ் போனால் ஆயா என்ன செய்வார்கள் என்று கேட்டோம். "கடைக்கு யாரு போறது? ஒயர்ல ஒரு இழையை உருவிக் கட்டிட வேண்டியதுதான்" என்றார்கள். அந்த ஒயரின் ஓர் இழை 0.71 மில்லிமீட்டர் தடிமன். 5 ஆம்பியர் பியூஸுக்கு வேண்டிய ஈயம் பூசிய செம்புக் கம்பியோ 0.2 மில்லிமீட்டர்தான். 20 ஆம்பியருக்கே 0.6 போதும். ஆக, ஆயா கட்டிய பியூஸ் 20 ஆம்பியருக்கும் மேற்பட்டது. விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயருக்கு அது காவலே அன்று. அந்த வீட்டில் அன்று நான்கு பல்பும் ஒரு ரேடியோவும் மட்டும் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் பட்டியலில் நாங்கள் செய்த முதல் தவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். எம்.சி.பி. என்பது பிரிட்ஜையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் காப்பாற்றுவதற்காக வைப்பது என்று எழுதியிருந்தோம். சிஸ்டர் அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டார்கள். அது முதன்மையாகக் காப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரை. பிரிட்ஜ் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். ஒயர் கெட்டால் தெரியாது. அதனால்தான் அதற்கு ஒரு காவல்.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது வெப்பம் பிறக்கும் என்பதையும், அது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதையும் 1841இல் வெளியிட்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தில் மதுவடிப்பாலை நடத்தியவரின் மகன் அவர். இருமடி என்ற சொல்லைத் தேர்வுக்குப் படிக்கும்போது நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகளில் மின்தூண்டல் உலைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸில் இரும்பைக் குழம்பாக்குவது அங்கே நெருப்பு அன்று. இரும்புக்குள் தூண்டப்படும் மின்னோட்டம் பிறப்பிக்கும் இதே ஜூல் வெப்பந்தான். ஆலையில் வேண்டுமென்று உண்டாக்கும் அதை வீட்டுச் சுவருக்குள் வேண்டாம் என்கிறோம்.

வெப்பத்தைக் குறைக்க வேண்டுமானால் கம்பியின் தடையைக் குறைக்க வேண்டும். அதற்குக் கம்பி பருமனாக இருக்க வேண்டும். இங்கேதான் ஒயரின் அளவு வருகிறது.

எலெக்ட்ரிகல் கடைக்குப் போய் நின்றால் இரண்டு மொழிகள் காதில் விழும். வயதான எலெக்ட்ரீஷியன்கள் "மூணு இருபத்திரண்டு", "ஏழு இருபது" என்று கேட்பார்கள். இளையவர்கள் "ஒன்றரை ஸ்கொயர்", "நாலு ஸ்கொயர்" என்பார்கள். முதலாவது பழைய கேஜ் கணக்கு. 3/22 என்றால் 22 கேஜ் இழைகள் மூன்று என்று பொருள். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எங்களுக்கு இது தலைகீழாகவே பட்டது. 22 கேஜ் இழை 0.71 மில்லிமீட்டர், 20 கேஜ் இழை 0.91 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்புச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். 3/22 ஒயர் சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். 7/20 ஒயர் சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர். கணக்குப் பாடத்தில் வரும் பை நமக்கு எங்கே பயன்படும் என்று கேட்கும் தோழியருக்கு இது பதிலாகட்டும்.

இரண்டாவது மொழி செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பை நேராகச் சொல்வது. பிளாஸ்டிக் உறையைச் சேர்த்து அளக்கக் கூடாது. உறை தடித்து உள்ளே செம்பு மெலிந்த ஒயரும் சந்தையில் உண்டு.

பி.வி.சி. உறையுள்ள செம்பு ஒயர் இரண்டைக் குழாய்க்குள் இழுத்தால், நம் நாட்டு வழக்கப்படி ஏறக்குறைய எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதை ஒயர்மேன் மாமா ஒருவர் எழுதிக் கொடுத்தார். 1 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 11 ஆம்பியர். ஒன்றரைக்கு 13. இரண்டரைக்கு 18. நாலுக்கு 24. ஆறுக்கு 31. பத்துக்கு 42. ஒயரின் பருமன் இரட்டித்தாலும் தாங்கும் அளவு இரட்டிப்பதில்லை என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

இனித் தேர்வு செய்யும் முறைக்கு வருவோம். முதலில், அந்த ஒயரில் என்னென்ன கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும் என்று கூட்ட வேண்டும். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். கூட்டுத்தொகையை விடச் சற்றுப் பெரிய எம்.சி.பி.யை எடுக்க வேண்டும். பிறகு, அந்த எம்.சி.பி.யில் எழுதிய எண்ணை விட அதிகம் தாங்கும் ஒயரை எடுக்க வேண்டும். கருவியை விட எம்.சி.பி. பெரிது, எம்.சி.பி.யை விட ஒயர் பெரிது. இந்த வரிசை மாறக் கூடாது. விளக்கு, மின்விசிறிக்கு ஒன்றரை ஒயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும், பவர் பிளக்குக்கு இரண்டரை ஒயரும் 16 ஆம்பியரும், ஏ.சி.க்கு நாலு ஒயரும் 20 ஆம்பியரும் என்று எங்கள் மற்ற மூன்று வீடுகளிலும் இருந்ததற்கு இதுவே காரணம். தேவைக்கு மேல் தடித்த ஒயர் போட்டால் கெடுதல் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். பணம் கூடுதலாகும், சுவிட்சின் திருகுக்குள் நுழைக்கச் சிரமமாகும். வேறு கெடுதல் இல்லை. ஒயருக்கு மேற்பட்ட எம்.சி.பி. போடுவதுதான் கெடுதல்.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒரு செய்தி இருந்தது. 16 என்று எழுதிய எம்.சி.பி. 16 ஆம்பியரைத் தாண்டியதும் விழுந்துவிடும் என்றே எண்ணியிருந்தோம். அப்படி இல்லை. தர விதிப்படி, எழுதிய அளவின் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்திற்கு அது விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்திற்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரைப் பொறுத்துக்கொள்ளும். 23 ஆம்பியருக்குச் சற்று மேலே போனால்தான் ஒரு மணிக்குள் விழுவது உறுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. சி32ஐ எடுத்துக்கொண்டால் 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் ஏனென்று கேட்காமல் விட்டுவிடும். அதன் பின்னால் 18 ஆம்பியர் தாங்கும் இரண்டரை ஒயர் இருந்தால்? மின்னோட்டம் இரு மடங்கு. வெப்பம் நான்கு மடங்கு.

வரிசை வீட்டில் இருந்தது அந்த இரண்டரை ஒயர்தான்.

அங்கே ஆறு அறைகளிலும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்து ஆலைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் தங்கியிருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைப்பது எளிதன்று. எனவே அறைக்கு ஒரு மின்தூண்டல் அடுப்பும் ஒரு குக்கரும் உண்டு. மூன்று பேஸ் இணைப்பு; ஒரு பேஸில் இரண்டு அறைகள்; அந்த இரண்டு அறைகளுக்கும் சேர்த்து ஒரே இரண்டரை ஒயர், ஒரே எம்.சி.பி. முதலில் 16 ஆம்பியர்தான் இருந்ததாம். பகல் ஷிப்ட் முடிந்து எல்லாரும் அடுப்பைப் போட்டதும் சோறு வேகும் முன்னே அது விழுந்துவிடும். தினமும் சண்டை. யாரோ ஓர் எலெக்ட்ரீஷியன் வந்து, 16ஐக் கழற்றி 32ஐ மாட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து விழவே இல்லை.

தோழி தன் அப்பாவிடம் கேட்டபோது அவர், "பெரிசு போட்டா விழாதுன்னாரும்மா. அதே மாதிரி ஒரு வருஷமா விழல. அவங்களும் நிம்மதியா சமைக்கிறாங்க. நல்லதுதானே செஞ்சேன்?" என்றாராம். அவள் பள்ளிக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அப்பா பணம் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்யவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். நால்வரும் உட்கார்ந்து கணக்கைப் போட்டோம்.

இரண்டு அடுப்புகள் முழு வேகத்தில் 4,000 வாட். இரண்டு குக்கர்கள் 1,400 வாட். விசிறி, விளக்கு, செல்போன் எல்லாம் சேர்த்து 200 வாட். ஆக 5,600 வாட். 230ஆல் வகுத்தால் 24.3 ஆம்பியர். பழைய 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்தது முற்றிலும் நியாயம், 1.45 மடங்கைத் தாண்டிவிட்டது. அது பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்தது. 18 ஆம்பியர் தாங்கும் ஒயரில் 24.3 ஓடினால் வெப்பம் 1.8 மடங்கு. 'தாங்கும்' என்பதன் பொருளையும் கேட்டுக்கொண்டோம். சுற்றுப்புறம் 40 டிகிரியாக இருக்கும்போது, 18 ஆம்பியர் ஓடினால் செம்பு இன்னும் 30 டிகிரி ஏறி 70 டிகிரியில் நிற்கும். சாதாரண பி.வி.சி. உறைக்கு 70தான் எல்லை. இங்கே அந்த 30 என்பது 1.8 மடங்காகி ஏறத்தாழ 55 ஆகிறது.

கத்திரி வெயிலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் நிழலிலேயே 40ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. சிமெண்ட் ஷீட்டை ஒட்டிப் போகும் குழாய்க்குள் 50 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். 50உம் 55உம் 105. தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிவிடுகிறது. இதை எழுதி முடித்தபோது எங்களில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. எங்கள் கணக்குத் தோராயமானதுதான். அடுப்பு இடையிடையே நின்று எரியும், எல்லா நாளும் எல்லாரும் ஒன்றாகச் சமைப்பதில்லை. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு அந்த ஆறு அறைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வெயிலால் ஒயரின் திறன் குறைவது தனியே கவனிக்க வேண்டிய ஒன்று. 50 டிகிரியில் ஏறுவதற்கு மீதமிருப்பது 30 டிகிரி அன்று, 20 டிகிரி மட்டுமே. கணக்கிட்டால் ஒயர் தன் திறனில் 82 விழுக்காட்டைத்தான் சுமக்கலாம். இரண்டரை ஒயரின் 18 ஆம்பியர் 14.7 ஆகிவிடுகிறது. அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. கூடப் பெரிது! காங்கிரீட் வீட்டுக்குச் சரியான கணக்கு ஷீட் வீட்டுக்குச் சரியன்று. ஒரே குழாயில் பல ஒயர்களை அடைத்தாலும் இப்படியே குறையும். நீண்ட தூரம் இழுத்தால் வேறு ஒரு தொல்லை: 30 மீட்டர் தள்ளியுள்ள கருவிக்கு இரண்டரை ஒயரில் 16 ஆம்பியர் அனுப்பினால் போக வரச் சேர்த்து 7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். வயல் கிணற்று மோட்டாருக்குத் தடித்த ஒயர் கேட்பது அதற்காகவும்தான்.

சிஸ்டர் எங்கள் தாளைப் படித்துவிட்டு, தோழியின் அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொல்லவில்லை. "நீங்களே போய்க் கொடுங்கள். குற்றம் சொல்கிற மாதிரி பேசாதீர்கள், கணக்கை மட்டும் காட்டுங்கள்" என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நால்வரும் போனோம். அவர் தாளை இரண்டு முறை படித்தார். 105 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு உரிமம் பெற்ற ஒயர்மேன் மாமாவுக்குப் போன் செய்தார்.

மாமா மெயினை நிறுத்திவிட்டு, முதல் அறையின் பிளக் பெட்டியைத் திறந்தார். நாங்கள் வாசற்படியில் நின்று பார்த்தோம். சிவப்பு ஒயர் மரப்பட்டை நிறத்தில் இருந்தது. வளைத்ததும் உறை முறுக்கு உடைவதுபோல் உடைந்து விழுந்தது. ஒயரை விட மோசமாக இருந்தது திருகு. செம்பு இழைகள் பாதி வெளியே, பாதி உள்ளே; திருகு தளர்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் தடை கூடும். அந்த ஓர் இடத்தில் மட்டும் வெப்பம் குவியும். இதை எந்த எம்.சி.பி.யாலும் கண்டுபிடிக்க இயலாது. ஏனெனில் மின்னோட்டம் கூடுவதில்லை. சரியான ஒயரும் சரியான எம்.சி.பி.யும் போட்டுத் திருகை அரைகுறையாக முறுக்கினால் பயனில்லை என்று மாமா சொன்னார்.

இணைப்புத் தளர்வும் காவல் இல்லாமையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லி உபகார் திரையரங்கைச் சிஸ்டர் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். 1997 ஜூன் 13 அன்று அங்கே 59 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் காலையிலேயே ஒருமுறை தீப்பிடித்துப் பழுது பார்க்கப்பட்டிருந்தது. கேபிள் முனையை அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தினார்கள். மாலையில் அது கழன்று தீப்பொறி பறந்தது. அபாய வேளையில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே அந்த டிரான்ஸ்பார்மருக்கு இல்லை. எண்ணெய் ஒழுகிப் பற்றிக்கொண்டது; புகை படிக்கட்டு வழியே மேலேறிப் பால்கனியை நிரப்பியது. பலர் இறந்தது நெருப்பால் அன்று, புகையால்.

வரிசை வீட்டில் என்ன மாற்றம் செய்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறோம். அன்றே மூன்று சி32களும் கழற்றப்பட்டு, பழைய ஒயர் மாறும் வரை சி16 மாட்டப்பட்டது. ஷீட்டின் சூட்டுக்கு இதுவும் சற்றுப் பெரிதுதான். ஆகவே புதிய ஒயர் வரும் வரை இரண்டு அறைக்காரர்களும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போடுவதில்லை என்று பேசி முடிவு செய்தார்கள். இனி அறைக்கு ஒரு தனி ஒயர், தனி எம்.சி.பி. ஓர் அறைக்கு 2,800 வாட், அதாவது 12.2 ஆம்பியர். எனவே எம்.சி.பி. 16. ஒயர் இரண்டரையா நாலா என்று மாமா எங்களையே கேட்டார். நாலு என்றோம்: 24இல் 82 விழுக்காடு 19.7, அது 16ஐ விடப் பெரிது. மாமா சிரித்துக்கொண்டே தோழியின் அப்பாவைப் பார்த்தார். மீட்டரிலிருந்து வரும் ஒயர் ஏற்கெனவே பத்து என்பதால் அதை மாற்றவேண்டியிருக்கவில்லை. கூடுதல் மின்பளுவுக்கு ஈ.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்தாயிற்று.

கடைக்கு எங்களையும் அழைத்துப் போனார். ஒயரின் மேலேயே ஐ.எஸ். 694 என்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். விலை குறைந்த ஒரு சுருளை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். காற்றடைத்த பந்துபோல் இலேசாக இருந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதாம். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்கடத்தும் திறனும் ஐந்தில் மூன்று பங்குதான். நாலு ஒயர் 90 மீட்டர் சுருளில் செம்பு மட்டுமே 3.2 கிலோ இருக்க வேண்டும் என்று அங்கேயே நின்று கணக்கிட்டோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்னொன்றையும் மாமா சேர்க்கச் சொன்னார்: ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. ஒயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. நம் உடம்பின் வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போனாலே உயிர் போகலாம்; 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவும் தெரியாது. போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று ஆர்.சி.சி.பி. பார்த்துக்கொண்டேயிருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். அதன் மேலுள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திச் சோதிக்க வேண்டுமாம். எங்கள் நான்கு வீடுகளில் இரண்டில்தான் அது இருந்தது. இப்போது மூன்றில் இருக்கிறது.

உறை உடைந்த அந்தச் சிவப்பு ஒயரில் ஒரு சாண் துண்டைக் கேட்டு வாங்கி வந்தோம். அறிவியல் கூடத்தில் இரண்டாவது அலமாரியில், கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. சிஸ்டரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆறு அறைகளில் நான்குக்குப் புதிய ஒயர் இழுத்தாயிற்று. மற்ற இரண்டுக்கும் தீபாவளி போனஸ் வந்ததும் செய்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை அங்கே அண்ணன்மார் முறை வைத்துச் சமைக்கிறார்கள். முறையை மறந்த நாளில் 16 விழுகிறது.